அறுபடாத இணைப்புகள்

1985-ல் மக்கின்டாஷ் கணினிக்கு எக்செல் வந்தபோது ஒரு கோப்பில் ஒரே ஒரு தாள்தான். ஜனவரிக் கணக்கு ஒரு கோப்பு, பிப்ரவரிக்கு இன்னொன்று. ஆண்டுக் கணக்கு போட மற்ற கோப்புகளிலிருந்து எண்களை இழுத்தாக வேண்டும். மைக்ரோசாஃப்டின் முந்தைய மென்பொருளான மல்டிபிளானிலேயே இதற்கு வழி இருந்தது. போட்டி மென்பொருளான லோட்டஸ் 1-2-3-இன் பயனாளர்கள் 1989 வரை காத்திருந்தார்கள். இன்று அலுவலகங்களைப் படுத்தும் இந்த வெளி இணைப்பு, அன்று எல்லோரும் ஏங்கிய வசதி.

1993-ல் எக்செல் 5 ஒரே கோப்புக்குள் பல தாள்களை அடுக்க இடம் கொடுத்தது. இணைப்பின் தேவை குறைந்தது, தொல்லையோ வளர்ந்தது. ஒரு தாளை வேறு கோப்புக்கு நகலெடுத்தால், பழைய கோப்பின் முகவரியும் அதோடு குடிவந்துவிடலாம். மூலக் கோப்பு அழிந்து ஆண்டுகள் ஆன பிறகும், இணைப்புகளைப் புதுப்பிக்கவா என்ற கேள்வி திறக்கும்போதெல்லாம் எழும்.

ஃபார்முலாவுக்குள் இருக்கும் முகவரியைப் பிடிப்பது எளிது. கோப்பின் பெயர் சதுர அடைப்புக்குறிக்குள் வருவதால் அந்தக் குறியைத் தேடினாலே பெரும்பாலும் போதும். ஆனால் வரைபடங்களிலும், பொத்தான்களுக்குக் கொடுத்த மேக்ரோ எனும் சிறுநிரல்களிலும், செல்களுக்குச் சூட்டிய பெயர்களிலும் முகவரி தங்கும். அந்தப் பெயர்களில் சில பட்டியலிலேயே தெரியாதபடி மறைக்கப்பட்டிருக்கும். அவற்றை வெளியே கொண்டுவர மேக்ரோ எழுத வேண்டும். செல்லில் எதை உள்ளிடலாம் என்று வரையறுக்கும் டேட்டா வேலிடேஷனும், நிபந்தனைக்கேற்ப செல்லின் தோற்றத்தை மாற்றும் கண்டிஷனல் ஃபார்மட்டிங்கும் எக்செல் 97 கொண்டுவந்த மிக நல்ல வசதிகள். அவையும் முகவரிகளின் ஒளிவிடங்களாயின.

தேடும் கருவியைப் பயனாளர்களே செய்துகொண்டார்கள். பில் மான்வில் எழுதிய ஃபைண்ட்லிங்க் என்ற ஆட்-இன் (எக்செலோடு சேர்க்கும் துணைநிரல்) இந்த மூலைமுடுக்குகளில் நுழைந்து தேடியது; நன்றியோடு நினைக்க வேண்டிய உழைப்பு அது. எக்செல் பின்னர் தானே கொடுத்த 'பிரேக் லிங்க்' பொத்தான் இணைப்புள்ள ஃபார்முலாக்களை வெறும் எண்களாக்கிவிடும். அந்த மாற்றத்தைத் திரும்பப் பெற முடியாது என்பதால் முதலில் ஒரு நகல் எடுத்துவைப்பது அவசியம். வேலிடேஷனில் பதுங்கிய முகவரியை அந்தப் பொத்தான் பெரும்பாலும் தொடுவதில்லை.

2007-ல் வந்த எக்ஸ்எல்எஸ்எக்ஸ் கோப்பு வடிவம் உண்மையில் ஒரு ஜிப் பொதி. அதைப் பிரித்தால் 'எக்ஸ்டர்னல்லிங்க்ஸ்' என்ற கோப்புறைக்குள் ஒவ்வொரு மூலக் கோப்பின் பெயரும் பாதையும் இருக்கும்; கடைசியாக அங்கிருந்து எடுத்த எண்களும் இருக்கும். ஆகவே விலைப்பட்டியல் ஒன்றை வாடிக்கையாளருக்கு அனுப்பும்போது, அது எட்டிப் பார்த்த உள்கணக்கின் தொகைகளும் கூடவே போய்ச் சேரலாம்.