பச்சை பஸ்ஸும் எண்பது வருஷப் பூட்டும்

ஜெர்மனில ஊர் விட்டு ஊர் போக மலிவா பஸ் டிக்கெட் தேடறவங்க, பெரும்பாலும் அந்தப் பச்சை நிற ஃப்ளிக்ஸ்பஸ்லதான் போய் ஏறுவாங்க. அது எப்படி ஆச்சுங்கறது சுவாரஸ்யமான கதைங்க.

2012 முடியற வரைக்கும் அங்க தேடினாலும் பெரிசா எதுவும் சிக்கியிருக்காது. ரயிலைக் காப்பாத்த 1930-கள்ல போட்ட சட்டம், ரயில் ஓடற தடத்துல நெடுந்தூர பஸ்ஸுக்குப் பொதுவா அனுமதி தரலை. நாடு ரெண்டா பிரிஞ்சு கிடந்த காலத்துலேர்ந்து பெர்லினுக்கு மட்டும் விதிவிலக்கு.

2013 ஜனவரி 1-ல பூட்டைத் திறந்துவிட்டாங்க. கம்பெனிகள் போட்டி போட்டு விலையைக் குறைக்க, மாணவர்களுக்கு ஒரே கொண்டாட்டம். ஆனா நஷ்டத்துல எத்தனை நாள் வண்டி ஓட்ட முடியும்? 2015-ல மைன்ஃபெர்ன்பஸ் வந்து ஃப்ளிக்ஸ்பஸ்ஸோட இணைஞ்சது. 2016-ல மெகாபஸ்ஸோட ஐரோப்பியத் தடங்களும், ஜெர்மன் தபால் நிறுவனத்தோட போஸ்ட்பஸ்ஸும் அதே கைக்குப் போச்சு.

பொட்டி தட்டற மக்களுக்கு ஒரு விஷயம்: ஃப்ளிக்ஸ்பஸ்ஸுக்குச் சொந்த வண்டி கிட்டத்தட்ட கிடையாது. வண்டி, டிரைவர் எல்லாம் உள்ளூர் முதலாளிகளோடது. சாஃப்ட்வேர், விலை, பேரு மட்டும் இவங்களோடது. சீட் நிரம்ப நிரம்ப விலை ஏறும். அதனால முன்கூட்டியே, கூட்டமில்லாத நாளாப் பார்த்து எடுக்கறவங்களுக்குத்தான் லாபம்.

ஆக, டிக்கெட்டை மலிவாக்கினது போட்டி. அந்த மலிவே போட்டியாளர்களையும் முழுங்கிடுச்சு.

2024-ல இந்தியாவுக்கும் வந்துட்டாங்க. தீபாவளிக்கு ஆம்னி பஸ் விலையைப் பார்த்து வயிறெரியற நமக்கு சந்தோஷம்தான். ஆனா நாலு பேர் ஓட்டற வரைக்கும்தான் அந்த சந்தோஷம் :)