மெய்நிகர் லேன்: குழு பிரிக்கும் முறைகள்

மெய்நிகர் லேன் (விலேன்) என்பது, ஒரே சுவிட்சில் செருகிய கருவிகளைத் தனித்தனி வலையமைப்புகளாகப் பிரித்து வைக்கும் ஏற்பாடு. சாரல் காலத்தில் நிரம்பி வழியும் குற்றால விடுதி ஒன்றில் 24 போர்ட் சுவிட்ச் இருப்பதாகக் கொள்வோம். பில் போடும் கணினி, சிசிடிவி கேமரா, விருந்தினர் வைஃபை எல்லாம் அதில்தான். பிரிக்காமல் விட்டால், அறையில் தங்கியவரின் லேப்டாப் பில் கணினியை எட்டிவிடும். பில் போர்ட்டுகளுக்கு விலேன் 10, கேமராவுக்கு 20, விருந்தினருக்கு 30 என்று ஒதுக்கினால், இடையிலுள்ள ரூட்டர் அனுமதிக்காமல் ஒன்று மற்றொன்றை நெருங்க முடியாது.

இந்த எண்ணம் 1980களில் அமெரிக்காவின் பெல்கோர் ஆய்வகத்தில் டேவிட் சின்கோஸ்கியிடம் உருவானது. 1990இல் முதல் ஈதர்நெட் சுவிட்சை விற்பனைக்குக் கொண்டுவந்தது கல்பனா நிறுவனம். அதன் நிறுவனர்களில் ஒருவர் இந்திய வம்சாவளியினரான வினோத் பரத்வாஜ். 1994இல் சிஸ்கோ கல்பனாவை வாங்கியது. அப்போது ஒரு கம்பெனியின் விலேன் அடையாளம் இன்னொரு கம்பெனி சுவிட்சுக்குப் புரியாது. 1998இல் வந்த 802.1கியூ தரநிலை அதைத் தீர்த்தது: சுவிட்சுகளுக்கிடையே செல்லும் ஃபிரேமில் (தரவுத் துண்டில்) 4 பைட் முத்திரை, அதில் விலேன் எண்ணுக்கு 12 பிட். இரண்டு எண்கள் ஒதுக்கப்பட்டதுபோக 4,094 குழுக்கள்.

குழு பிரிக்கும் வழிகளில் போர்ட் வாரியானதே மூத்தது. எளிமையால் இன்றும் அதுவே அதிகம். ஆனால் ஆள் இடம் மாறினால் அமைப்பையும் மாற்ற வேண்டும். கருவியின் வன்பொருள் அடையாளமான மேக் முகவரியைக் கொண்டு பிரித்தால் அந்த வேலை இல்லை. அந்த முகவரியைப் போலியாக வைப்பதோ மிக எளிது. நெறிமுறை, ஐபி சப்நெட் வழியாகவும் பிரிக்கலாம். 802.1எக்ஸ் என்ற அனுமதித் தரநிலையின் வழியில், பயனர் தன்னை நிரூபித்த பிறகே அடையாளம் சரிபார்க்கும் ரேடியஸ் சர்வர் அவருக்குரிய விலேனைச் சொல்கிறது. பலர் வந்துபோகும் அலுவலகத்துக்கு இதுவே பொருத்தம். பெரிய தரவு மையங்களுக்கு 4,094 போதாமல் போனது. 2014இல் ஆவணமாக வெளியான விஎக்ஸ்லேன் முறை 24 பிட் எண்ணால் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட குழுக்களுக்கு இடம் தந்தது.

பிரித்த குழுக்களைக் கண்காணிக்கும் மென்பொருள் துறையில், குற்றாலத்தை அடுத்த தென்காசிக்கும் தொடர்பு உண்டு. 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் எஸ்என்எம்பி (வலையமைப்புக் கருவிகளைக் கண்காணிக்கும் நெறிமுறை) சார்ந்த மென்பொருள்களோடு தொடங்கிய ஜோஹோ நிறுவனம், 2011இல் தென்காசியில் அலுவலகம் திறந்தது. அந்த அலுவலகம் இப்போது தென்காசி அருகிலுள்ள மத்தளம்பாறையில் இயங்குகிறது. சுவிட்சிடமிருந்து விலேன் விவரத்தை எஸ்என்எம்பியால் கேட்டுப் பெறும் பொதுவடிவம் 1999இல் வந்தது. ஜோஹோவின் மேனேஜ்இன்ஜின் பிரிவு தரும் ஆப்யுட்டில்ஸ், எந்தப் போர்ட்டில் எந்தக் கருவி, எந்த விலேனில் இருக்கிறது என்பதை ஒரே திரையில் காட்டுகிறது.