வலிக்குக் கடிகாரம் கட்டியவர்கள்

ஆறு மாசம் ஒழுங்காக இருந்த இடுப்பு, ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மறுபடி பிடித்துக்கொண்டது. அதற்கு முன் மூன்று நாளாக வலியே இல்லை. அந்த சந்தோஷத்தில் பரணில் கிடந்ததையெல்லாம் இறக்கித் துடைத்து, ஒட்டடை அடித்து, வண்டியைக் கழுவி, ராத்திரி ஒன்பது மணிக்குக் குனிந்து ஒரு வாளியைத் தூக்கினேன். அவ்வளவுதான்.

மறுநாள் கட்டிலில் கிடந்து ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தபோது வலியைவிடக் கொடுமையாக இருந்தது ஒரே ஒரு நினைப்பு. ஆறு மாசமும் வீண், பழைய இடத்துக்கே வந்துட்டோம். அம்மா எட்டிப் பார்த்து, "பேசாம ஒரு வாரம் அசையாம படுத்துக் கெட" என்றார்.

அம்மாவைச் சொல்லிக் குற்றமில்லை. டாக்டர்களும் ரொம்ப காலம் அதையேதான் சொன்னார்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பிலடெல்பியாவின் வெயர் மிட்செல், நரம்புத் தளர்ச்சி என்று வந்தவர்களை வாரக்கணக்கில் படுக்கையிலேயே வைத்து ஊட்டி வளர்த்தார். முதுகு பிடித்தால் படு என்பது 20ஆம் நூற்றாண்டிலும் வெகுகாலம் நீடித்தது. 1986இல்தான் ரிச்சர்ட் டேயோ குழுவினர் முதுகுவலிக்காரர்களில் பாதிப்பேரை இரண்டு நாளும் மீதிப்பேரை ஏழு நாளும் படுக்கச் சொல்லிப் பார்த்தார்கள். இரண்டு நாள் படுத்தவர்கள் வேலைக்குச் சீக்கிரம் போனார்கள். மற்றபடி குணமாவதில் பெரிய வித்தியாசம் ஒன்றுமில்லை.

ஆனால் அது புதிதாக வரும் வலிக்கு. வருஷக்கணக்கில் கூடவே இருந்து, கொஞ்சம் அடங்கி, திடீரென்று மறுபடி கிளம்பும் வலியை என்ன செய்வது? இந்தக் கதை பெரும்பாலும் ஒரே ஊரில் நடக்கிறது, அமெரிக்காவின் சியாட்டிலில். அதைத் தொடங்கிவைத்தவர் ஒரு மல்யுத்த வீரர்.

ஜான் பொனிக்கா 1917இல் சிசிலிக்கு வடக்கே ஃபிலிக்குடி என்ற குட்டித்தீவில் பிறந்தவர். சிறுவயதில் குடும்பம் நியூயார்க்குக்கு வந்தது. மருத்துவப் படிப்புக்குக் காசு வேண்டுமே, பகலில் மாணவன், ராத்திரியில் முகமூடி போட்ட மல்யுத்த வீரன். மேடையில் அவர் பெயர் 'மாஸ்க்ட் மார்வெல்'. நம்ம ஊர் சினிமாவில் வைத்தால் நம்ப மாட்டோம். போர்க்காலத்தில் வாஷிங்டன் மாநிலத்து ராணுவ மருத்துவமனையில் மயக்க மருத்துவரானார். காயம் ஆறியும் வலி ஆறாத சிப்பாய்கள் அங்கே நிறையப் பேர். ஒரு டாக்டரால் இது ஆகாது, நரம்பு, எலும்பு, மனம் என்று பல துறைக்காரர்கள் சேர்ந்து ஒரே நோயாளியைப் பார்க்க வேண்டும் என்ற யோசனை அவருக்கு அங்கேதான் வந்தது. 1953இல் வலி மேலாண்மை பற்றித் தலையணை மாதிரி ஒரு புத்தகம் எழுதினார். 1960இல் சியாட்டிலுக்கு, வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்கு வந்து பல்துறை வலி மருத்துவமனையைக் கட்டி எழுப்பினார். மேடையில் வாங்கிய அடிகள் அவரைச் சும்மா விடவில்லை. இடுப்பிலும் தோளிலும் அறுவைசிகிச்சைகள், வாழ்நாள் முழுக்க வலி. தன் நோயாளிகளின் கூட்டத்தில் அவரும் ஒருவர்.

அதே பல்கலைக்கழகத்தில் இருந்த உளவியலாளர் வில்பர்ட் ஃபோர்டைஸ் வேறொன்றைக் கவனித்தார். வலிக்காரர் எப்போது ஓய்வெடுக்கிறார்? வலித்ததும். எப்போது மாத்திரை? வலித்ததும். நல்லா இருக்கிற நாளில்? எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுச் செய்து விழுகிறார். அப்படியானால் அவருடைய நாளை நடத்துவது வலிதான். ஓய்வும் மாத்திரையும் வலிக்குக் கிடைக்கும் பரிசாகிவிடுகின்றன.

ஃபோர்டைஸ் வலியின் கையிலிருந்ததைப் பிடுங்கிக் கடிகாரத்தின் கையில் கொடுத்தார். மாத்திரைகளை சிரப்பில் கலந்து, கேட்டபோது தராமல், மணி அடித்ததும் தந்தார்கள். உள்ளே இருக்கும் மருந்தின் அளவை மெதுவாகக் குறைத்துக்கொண்டே போனார்கள். நடைப்பயிற்சிக்கு ஒரு கணக்கு. முதல் சில நாள் முடிந்த மட்டும் நட. 10, 14, 12 நிமிஷம் என்று வந்தால் சராசரி 12. தொடங்குவதோ அதற்கும் கீழே, ஒன்பதோ பத்தோ. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றம். வலித்தாலும் பத்து, நல்லா இருந்தாலும் பத்து. கணக்கு முடிந்தால்தான் ஓய்வு.

இந்த இரண்டாவது பாதியை நான் அலட்சியம் பண்ணினேன். 'நல்லா இருந்தாலும் பத்து.' வலி நாளில் பல்லைக் கடிக்கத் தெரிந்த எனக்கு, நல்ல நாளில் நிறுத்தத் தெரியவில்லை. என் பிசியோ சொல்லியிருந்தார், "நல்ல நாள்லதான் சார் உங்களுக்கு ஆபத்து." சிரித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஃபோர்டைஸிடம் எனக்கு ஒரு கோபமும் உண்டு. முனகினால் திரும்பிப் பார்க்காதே என்று ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். தர்க்கம் புரிகிறது. ஆனால் வலியோடு படுத்திருப்பவனுக்கு முகத்தைத் திருப்பிக்கொள்ளும் நர்ஸ் என்னவாகத் தெரிவாள்? பின்னால் வந்தவர்கள் அதைத் தளர்த்தி, வலிக்கும்போது ஓடும் எண்ணங்களையும் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள்.

அந்த எண்ணங்களைப் பற்றிய முக்கியமான கண்டுபிடிப்பு வலி ஆய்விலிருந்து வரவில்லை, சாராயத்திலிருந்து வந்தது. அதே வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஆலன் மார்லட் குடியை விட்டவர்களைப் படித்துக்கொண்டிருந்தார். மாதக்கணக்கில் குடிக்காதவர் ஒரு கல்யாணத்தில் ஒரு கிளாஸ் குடிக்கிறார். அவரைக் கவிழ்ப்பது அந்த ஒரு கிளாஸ் இல்லை. 'போச்சு, எல்லாம் போச்சு' என்கிற எண்ணம்தான் மீதி பாட்டிலைக் காலி செய்ய வைக்கிறது. சறுக்கல் வேறு, விழுதல் வேறு என்று 1985இல் வந்த அவருடைய புத்தகம் பிரித்துக் காட்டியது. சறுக்கல் வரும் என்று முன்னாடியே எதிர்பார்த்து, வந்தால் என்ன செய்வது என்று தெளிவாக இருக்கும்போதே எழுதி வைக்கச் சொன்னார். வலி உளவியலாளர்களும் இந்த வழிக்கு வந்தார்கள். டெனிஸ் டர்க் 1983லேயே வலி கிளம்புவதற்கு முன், கிளம்பும்போது, தாங்கமுடியாத உச்சத்தில், அடங்கிய பின் என்று கட்டம் கட்டமாகத் தயார்ப்படுத்தும் முறையை எழுதியிருந்தார்.

கட்டிலில் கிடந்தபடி நான் யோசித்தது அந்தக் குடிகாரரின் வாக்கியத்தையேதான். 'எல்லாம் போச்சு.'

பிசியோவுக்கு போன் போட்டேன். காலில் மரத்துப்போகுதா, பலம் குறையுதா, ஒண்ணுக்குப் போறதுல சிக்கலா என்று முதலில் கேட்டார். இருந்தால் நேரா ஆஸ்பத்திரிக்குப் போகணும் என்றார். எதுவும் இல்லை. "அப்ப கணக்கைப் பாதியாக்குங்க. நிறுத்தாதீங்க. ரெண்டு நாள் கழிச்சு ஏத்துவோம்."

இருபது நிமிஷம் நடந்துகொண்டிருந்தவன் பத்துக்கு இறங்கினேன். தெருவில் வாழைக்கன்றும் பொரியும் விற்றுக்கொண்டிருந்தார்கள். இடுப்பைப் பிடித்தபடி போன என்னைப் பார்த்து எதிர்வீட்டு அக்கா, "வலியோட எதுக்குத் தம்பி நடக்குறீங்க?" என்றார். பதில் சொன்னால் நின்று பேச வேண்டும், கணக்கு தப்பிவிடும். கையை மட்டும் ஆட்டிவிட்டு நடந்தேன். பிள்ளையார் கோயில் முக்கில் மொபைலில் ஐந்து நிமிஷம் காட்டியது. திரும்பினேன். எட்டாம் நாள் மறுபடி இருபதுக்கு வந்தேன். அன்றைக்கு முப்பது நடக்க முடியும் போலத்தான் இருந்தது.