கரியும் கண்ணுக்குப் புலப்படாத மாசும்

‘ரந்தாவ்’ என்னும் மலாய்ச் சொல் ஆற்றின் நீண்ட ஓட்டப் பகுதியையும் கரையோரத்தையும் குறிக்கும். நெகிரி செம்பிலானில் அப்பெயர் தாங்கிய வட்டாரம் லிங்கி ஆற்றின் வடிநிலத்தைச் சேர்ந்தது. 19ஆம் நூற்றாண்டில் சுங்கை ஊஜோங்கில் தோண்டிய ஈயம் இவ்வாற்று வழியாகவே மலாக்கா நீரிணையை அடைந்தது. பின்னர், லின்சம் முதலிய தோட்டங்களில் தமிழர் உழைப்பால் ரப்பர் செழித்தது. அதன் பின் செம்பனை வந்தது. இன்று அவ்வாறு ஈயம் சுமக்கவில்லை, மக்களுக்குக் குடிநீராகிறது. ஆகவே ஆற்றில் என்ன கலக்கிறது என்பது ஒவ்வொரு வீட்டையும் தொடும் கேள்வியாகும்.

ஆற்றில் கலப்பனவற்றுள் மருந்தும் ஒன்று. நாம் விழுங்கும் மாத்திரை முழுவதும் உடலில் அழிவதில்லை. ஒரு பகுதி சிறுநீரோடு வெளியேறிக் கழிவுநீரிற் சேர்ந்து ஆற்றை அடைகிறது. குடிநீர் நிலையத்தில் படிகாரம் சேற்றைப் படியவைக்கும். மணற்படுகை தூசியை வடிகட்டும். குளோரின் கிருமிகளைக் கொல்லும். ஆயினும் நீரில் கரைந்துவிட்ட மருந்துகள் பலவற்றை இம்மூன்றும் நன்கு தடுப்பதில்லை. அவற்றைப் பிடிக்க வல்லது கரி. அடுப்படிக் கரி அந்த நிலைக்கு உயர்ந்த வரலாறு படிப்பினை நிறைந்தது.

1773ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு இரசாயன அறிஞர் ஷீல, கரி வாயுக்களைப் பற்றிக்கொள்வதைக் கண்டார். 1785இல் ருஷ்யாவிலிருந்த லோவிட்ஸ், கலங்கிய திராவகங்களின் நிறத்தைக் கரி நீக்குவதைக் கண்டறிந்தார். சர்க்கரை ஆலை முதலாளிகள் அதை விரைவிலேயே கைக்கொண்டனர். பழுப்பு நிறப் பாகு, கரியின் உதவியால் வெள்ளைச் சர்க்கரையாயிற்று. அங்கு முறையிட்டது கண்.

1900, 1901ஆம் ஆண்டுகளில் ஆஸ்ட்ரெய்க்கோ என்பவர், கரியை மிகுந்த வெப்பத்தில் நீராவி முதலியவற்றால் பதப்படுத்தும் முறைகளுக்குக் காப்புரிமை பெற்றார். அவ்வாறு பதப்படுத்தினால் கரிக்குள் எண்ணிறந்த நுண்துளைகள் திறக்கின்றன. ஒரு கிராம் கரியின் உட்பரப்பு ஏறத்தாழ 1,000 சதுர மீட்டர் வரை விரியும். நீரில் கரைந்த பொருள்கள் அப்பரப்பில் வந்து ஒட்டிக்கொள்ளும். இதுவே கிளர்வூட்டிய கரி.

1915இல் ஈப்ரு போர்க்களத்தில் குளோரின் வாயு ஏவப்பட்டபின், அக்கரி முகமூடிக்குள் புகுந்தது. ருஷ்ய அறிஞர் ஸெலின்ஸ்கி அதே ஆண்டில் கரி முகமூடியை வகுத்தார். தேங்காய்ச் சிரட்டைக் கரி இதற்கு மிக ஏற்றதெனத் தெரிந்ததும், சிரட்டை போர்ச் சரக்காயிற்று. 1930ஆம் ஆண்டையொட்டி அமெரிக்க நகரங்கள் குடிநீரின் கெட்ட சுவையையும் நாற்றத்தையும் போக்கக் கரித்தூளைப் பயன்படுத்தின. போர்க்களத்தில் முறையிட்டது மூச்சு. நகரங்களில் முறையிட்டவை நாவும் மூக்கும்.

இவ்வாறு புலன்கள் முறையிட்டபோதெல்லாம் மனிதன் கரியை நாடினான். மருந்து மாசின் தொல்லை இங்கேதான் தொடங்குகிறது. ஒரு லிட்டர் நீரில் ஒரு கிராமின் கோடியில் ஒரு பங்காக இருக்கும் மருந்துக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையுமில்லை. 2016ஆம் ஆண்டின் இறுதி மாதங்களில், நீலாய்ப் பகுதியிலிருந்து வந்த மாசு நாற்றமெடுத்ததால் சிலாங்கூரின் செமினி நீர் நிலையம் மூடப்பட்டது. லங்காட் ஆற்று நீரில் இரத்த அழுத்த மருந்து, வலி நிவாரணி ஆகியவற்றின் சுவடுகளை மலேசிய ஆராய்ச்சியாளர் கண்டு 2010ஆம் ஆண்டளவில் எழுதினர். அந்த ஆற்று வடிநிலத்தின் ஒரு பகுதியும் நெகிரி செம்பிலானில்தான் இருக்கிறது. ஆனால் சுவடுகளுக்கு நாற்றமில்லை. ஆகவே அவற்றுக்கு அந்தப் பரபரப்பும் இல்லை.

இத்தகைய நுண்ணளவு மருந்துகளால் குடிப்பவருக்குத் தீங்கு நேர்வது அரிது என்றே உலகச் சுகாதார நிறுவனம் 2012இல் கூறியது. எனவே அஞ்சி நடுங்க வேண்டியதில்லை. ஆனால் மருந்து ஆலைகளின் கழிவு வேறு வகை. ஹைதராபாத்தை அடுத்த பட்டான்செருவில், ஏறத்தாழ 90 ஆலைகளின் கழிவைச் சுத்திகரித்த நிலையம் வெளியேற்றிய நீரில், லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் இருந்ததாக 2007இல் ஆய்வாளர் அறிவித்தனர். நோயாளியின் இரத்தத்தில் இருக்கும் அளவையும் மிஞ்சியது இது. இத்தகைய நீரில் வாழப் பழகும் கிருமிகள் மருந்துக்கு அடங்காதனவாகும். பிறகு ஆஸ்பத்திரியில் அம்மருந்து பயன்படாமற் போகலாம்.

சில நாடுகள் புலன்களின் முறையீட்டுக்குக் காத்திராமல் சட்டத்தை நாடின. சுவிட்ஸர்லாந்தில் 2016 முதல் நடைமுறைக்கு வந்த விதிகள், குறிப்பிட்ட கழிவுநீர் நிலையங்கள் நுண்மாசில் 80 விழுக்காட்டை நீக்கப் பணித்தன. அவை ஓசோனையோ கரியையோ கையாளுகின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் இயற்றிய விதி, இச்செலவில் குறைந்தது 80 விழுக்காட்டை மருந்து, அழகுசாதன உற்பத்தியாளர் ஏற்க வேண்டுமெனக் கூறுகிறது.

கரி சர்வரோக நிவாரணி அன்று. எளிதில் நீரில் கரையும் சில மருந்துகள் அதில் ஒட்டுவதில்லை. ஆற்று நீரிலுள்ள மக்கிய இலைச்சத்தும் நுண்துளைகளில் இடம்பிடித்துக்கொள்ளும். துளைகள் நிரம்பிய கரியை மாற்றவோ, மீண்டும் சுட்டுப் புதுப்பிக்கவோ வேண்டும், அதற்குச் செலவுண்டு.

எனினும் மூலப்பொருளுக்குப் பஞ்சமில்லை. சிரட்டை நம் வீட்டுப் பொருள். செம்பனைக் கொட்டையின் ஓடு ஆலைகளில் மிகுதியாகக் கிடைக்கிறது. பெரும்பாலும் கொதிகலனில் எரிபொருளாகிறது. அதிலிருந்தும் நல்ல கிளர்வூட்டிய கரி செய்யலாமென மலேசிய ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆக, மாசைப் பிடிக்கும் பொருள் ரந்தாவைச் சூழ்ந்த தோட்டங்களிலேயே விளைகிறது. குறையாக நிற்பது ஒன்றே: மூக்கு அறியாததை அளந்து காட்டும் சோதனையும், அச்சோதனையைக் கட்டாயமாக்கும் விதியும்.