முடியிழந்தவர் வணங்கிய பொன்னம்பலம்

தில்லைத் திருவிழாவிற்கு வரும் நாம், கீழைக் கோபுர வாயிலில் பரத நூற் கரணங்களைக் கண்டு மகிழ்கின்றோம். அக்கோபுரத் திருப்பணியோடு ஓர் அரசுரிமைப் போரின் வரலாறும் பிணைந்துள்ளது.

கி.பி. 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சோழப் பேரரசு தளர்ந்தது. பாண்டியர் தெற்கே ஓங்கினர். போசளர் மேற்கே காத்திருந்தனர். பல்லவர் வழியினர் என உரிமை கொண்டாடிய காடவர், சோழருக்கு அடங்கிய சிற்றரசராய்க் கெடிலக் கரைச் சேந்தமங்கலத்தில் வாழ்ந்தனர். அக்குடியிற் பிறந்த கோப்பெருஞ்சிங்கன், 1231-இல் தன் பேரரசனாகிய மூன்றாம் இராசராசனையே சிறைப்பிடித்து அவ்வூரில் அடைத்தான்.

அதன்பின் நிகழ்ந்ததைக் கடலூரை அடுத்த திருவயிந்திரபுரத்துக் கல்வெட்டு உரைக்கின்றது. காடவன் படையால் நாடு அழிந்தது. சிவாலயங்களும் திருமால் கோயில்களும் கேடுற்றன. செய்தியறிந்த போசள மன்னன் இரண்டாம் நரசிம்மன், அப்பண்ணன், சமுத்திர கோப்பையன் என்னும் தண்டநாயகர் இருவரை ஏவினான். அவர்கள் காடவன் ஊர்களை அழித்துக்கொண்டே வந்தனர். வழியில் பொன்னம்பலத்தே பெருமானைக் கும்பிட்டனர். பின் திருப்பாதிரிப்புலியூரில் பாளையமிட்டு, திருவதிகை முதலிய ஊர்களை அழித்துச் சேந்தமங்கலத்தை நெருங்கினர். காடவன் பணிந்தான், சோழன் விடுதலை பெற்றான்.

ஆயினும் காடவர் அடங்கினாரல்லர். 1243-இல் தனியரசராய் முடிசூடினர். அக்குடியினரே தில்லையில் கோபுரம் எடுத்தனர். பகை மன்னரை வென்று பெற்ற பொருளால் கீழைக் கோபுரம் எழுப்பிய செய்தியை ஆந்திர நாட்டுத் திரிபுராந்தகத்தில் 1262-இல் பொறித்தனர்.

கோயில்கள் கேடுறப் போர் செய்த குடியே கோயிற் பணியும் செய்தது என்பதை நாம் மறைக்க வேண்டுவதில்லை. போரின் கொடுமை கொடுமையே; திருப்பணி அதனைத் துடைத்துவிடாது. எனினும், ஆணவம் முற்றிய நெஞ்சும் கூத்தப்பெருமான் முன் தலைதாழ்ந்தது என்பதற்கு அக்கோபுரம் சான்றாகும்.

1251-இல் பட்டமெய்திய சடையவர்மன் சுந்தரபாண்டியன் சேந்தமங்கலத்தை முற்றி வென்றான். அவனும் தில்லைக்கு வந்து திருக்கோயிலைப் பொன் வேய்ந்தான். அந்நூற்றாண்டிலேயே சோழர் அரசும் காடவர் அரசும் மறைந்தன. அடுத்த நூற்றாண்டில் போசளர் அரசும் ஒழிந்தது.

அன்பர்களே! ஒருவரையொருவர் வீழ்த்த வாளெடுத்தோர் அனைவரும் வணங்கிய சந்நிதி ஒன்றே. அவர்தம் அரண்மனைகள் மண்ணாயின. ஆண்டவனுக்கு அளித்தவை நிற்கின்றன. கோபுர வாயிலைக் கடக்கும்போது, நம் உள்ளத்துள் நிகழும் பதவிப் போரையும் அங்கேயே விட்டுச் செல்வோமாக.

திருச்சிற்றம்பலம்.