போரவையும் கண்டோர் சான்றும்

பண்டைத் தமிழர் விளையாட்டுகளைப் பற்றி எழுதியோர் பெரும்பாலும் விளையாட்டுகளின் பெயர்களைத் தொகுத்து, அவற்றின் முறைகளை விளக்கி அமைந்தனர். அவ்விளையாட்டுகளைச் சூழ நின்று கண்டவர் யாவர், அவர் எதனைக் கண்டனர், கண்டதனைப் பிறர்க்கு எவ்வாறு உரைத்தனர் என்னும் வினாக்கள் அத்துணை விரிவாக ஆராயப்பெறவில்லை. தொல்காப்பியர் கூற்று நிகழ்த்துதற்கு உரியோருள் கண்டோரையும் ஒருவராக வைத்து எண்ணினார். ஆதலின், கண்டோர் சொல்லை இலக்கணம் மதித்த அளவிற்கு வரலாறும் மதித்தல் தகும். ஒருவனது உடல்வலியை நேரிற் கண்டோர் கூறிய சான்று சங்க இலக்கியத்துள் எவ்வளவு உளது, அதனை எத்துணை நம்பலாம் என்பதே ஈண்டு எடுத்துக்கொண்ட பொருள்.

அரசலாறு கடலொடு கலக்கும் காரைக்காலினின்று கரையோரமாக வடக்கே செல்வார், தரங்கம்பாடியைக் கடந்து காவிரி கடலொடு கலக்கும் இடத்தை அடைவர். 1739-இல் பிரெஞ்சுக்காரர் கைப்பட்டு, இடையிடையே ஆங்கிலேயரிடம் சென்று மீண்டு, 1954-இல் இந்தியாவோடு இணைந்த காரைக்கால், இன்றும் புதுச்சேரி ஆட்சிப் பரப்பைச் சார்ந்து, சூழவுள்ள தமிழ்நாட்டு மாவட்டங்களினின்று பிரிந்து நிற்கின்றது. எனினும் அவ்வெல்லை ஆட்சியாளர் இட்டது. மணலுக்கும் வயலுக்கும் அது தெரியாது. கடற்கரை மணல் முடியுமிடத்தில் நெல்வயல் தொடங்கும் இந்நிலத்தின் இயல்பைப் பட்டினப்பாலை நன்கு காட்டுகின்றது. அப்பாட்டுக் காரைக்காலைப் பெயர் சுட்டிக் கூறவில்லை. அது பாடுவது காவிரிப்பூம்பட்டினத்தை. ஆயினும் கடியலூர் உருத்திரங்கண்ணனார் அங்குக் காட்டும் பரதவர், கடல் இறாலைச் சுட்டுத் தின்பதோடு வயலாமையையும் வேகவைத்து உண்கின்றனர்; வறண்ட மணலில் படரும் அடும்பின் பூவோடு நீரில் மலரும் ஆம்பலையும் சூடுகின்றனர். காரைக்காற் கரைக்கும் இவ்வோவியம் பெரிதும் பொருந்தும்.

அப்பரதவர் சுற்றத்தோடு மன்றத்தில் திரண்டதனைப் புலவர், விண்மீன்களுக்கு இடையே கோள்மீன்கள் கலந்து விளங்குவதற்கு ஒப்பிடுகின்றார். முதிய மரங்கள் நிற்கும் களரியில், மணல்மேட்டில், கையாலும் படைக்கலத்தாலும் ஒருவர் மெய்யை ஒருவர் தீண்டிப் பொருகின்றனர், புறங்காட்டுவார் இல்லை. கவண்கல்லுக்கு அஞ்சிய பறவைகள் புறஞ்சேரியின் பனைகளுக்குப் பறந்தோடுகின்றன. இதனிடத்துக் கூட்டம் உண்டு, களம் உண்டு, போர் உண்டு. பெயர் மட்டும் இல்லை. வென்றவன் யாவன், வீழ்ந்தவன் யாவன் என்பது புலவரின் நோக்கமன்று. நகரின் செழிப்பைக் கூறப் புகுந்தவர்க்கு அது வேண்டப்படுவதும் அன்று. ஒருவனைப் பெயர்சுட்டி, இன்னவாறு பொருதான் என்று கூறும் சான்றைக் காணுதற்குக் காவிரியின் வழியே மேற்கே உறந்தை வரை நாம் செல்லுதல் வேண்டும்.

உ. வே. சாமிநாதையர் 1894-இல் பதிப்பித்த புறநானூற்றில் 80 முதல் 85 வரையுள்ள ஆறு பாட்டுகள் சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளியைப் பற்றியன. முதல் மூன்றும் சாத்தந்தையார் பாடியன. பின் மூன்றும் பெருங்கோழி நாய்கன் மகள் நக்கண்ணையார் பாடியன. கோழி என்பது உறந்தைக்குப் பெயராகலின், இவரை உறந்தை வணிகர் ஒருவரின் மகள் எனக் கொள்வர். ஒருவனது உடல்வலியை இருவர், அதிலும் ஓர் ஆடவரும் ஒரு பெண்ணும், இருவேறு நிலையில் நின்று பாடியுள்ளமை சங்க இலக்கியத்துள் அரிதாகக் கிடைத்த பேறு.

80-ஆம் பாட்டே இவ்வாறனுள் சிறந்த சான்று. முக்காவனாட்டு ஆமூர் மல்லனொடு கிள்ளி பொருத செய்தியைக் கொளு கூறுகின்றது. பாட்டோ, அப்போரின் ஒரு கணத்தை நிறுத்திக் காட்டுகின்றது. கிள்ளியின் ஒரு கால் மண்டியிட்டு மல்லன் மார்பை அழுத்துகின்றது. மற்றொரு கால், அவன் செய்யும் சூழ்ச்சியைத் தடுத்து, முதுகுப்புறம் வளைந்து பற்றுகின்றது. இப்பிடியிற் சிக்கியவன் தலைப்பக்கமும் காற்பக்கமும் ஒருசேர நெரிபடுகின்றான். பசித்த யானை மூங்கிலைத் தின்ன முயன்று அதன் இரு முனையையும் முறிப்பது இதற்கு உவமை. இவ்வுவமை அழகுக்காக வந்ததன்று. மூங்கில் வளையும், எளிதில் முறியாது. இரு முனையையும் ஒருசேர அழுத்தினாலன்றி அஃது அடங்குவதில்லை. மற்போர்ப் பிடியின் தொழில்நுட்பமே உவமையாகிவிட்டது. களத்தின் அருகே நின்று கால்களின் நிலையை உற்று நோக்காத ஒருவர் இவ்வாறு பாடியிருத்தல் அரிது.

கிரேக்க நாட்டுப் பிண்டார் என்னும் பெரும்புலவர் கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் ஒலிம்பியா முதலிய இடங்களில் வென்ற வீரர்க்கு வாகைப் பாட்டுகள் பாடினார். அவற்றுள் வீரனின் குடிப்பெருமை உண்டு, ஊர்ப்பெருமை உண்டு, தெய்வக் கதைகள் மிக உண்டு. போட்டி நிகழ்ந்த வகையோ மிகச் சுருங்கியது. ஒலிம்பியப் பாட்டுகளுள் 9-ஆவது ஒரு மற்போர் வீரனைப் பற்றியது. தான் வீழாது பிறரை வீழ்த்தியதும், சூழ நின்றோர் ஆரவாரித்ததும் அதன்கண் ஓரிரு அடிகளில் வந்து மறைகின்றன. சாத்தந்தையாரோ தம் சிறு பாட்டைப் பெரும்பாலும் அந்த ஒரு பிடிக்கே தந்துவிட்டார். இருவரிடையே உயர்வு தாழ்வு கூறுவது நம் கருத்தன்று. வரலாற்றுச் சான்று என்னும் முறையில் எது பயன்மிக்கது என்பதே வினா.

அப்பாட்டில் பிறிதொன்றும் கருதற்பாலது. மகிழினும் மகிழானாயினும் தித்தன் இதனைக் காண்பானாக என்று புலவர் விழைகின்றார். தித்தன் உறந்தையை ஆண்ட சோழன். அவனைக் கிள்ளியின் தந்தை என்றும், இருவர்க்கும் பகை இருந்தது என்றும் ஆராய்ச்சியாளர் கூறுவர். தந்தை என்னும் சொல் பாட்டில் இல்லை. அது உய்த்துணர்ந்து கொண்டது. ஆனால் தித்தன் அக்களத்தில் இல்லை என்பதும், இருந்து கண்டிருக்க வேண்டியவன் என்று புலவர் கருதினார் என்பதும் ஐயமற்றவை. கண்ட ஒருவர், காணாத ஒருவனை நினைந்து பாடிய பாட்டு இது.

82-ஆம் பாட்டு வேகத்தை அளக்கின்றது. கட்டிலுக்கு வார் பின்னும் தொழிலாளி ஒருவன். ஊரில் விழா எடுத்துள்ளனர். அவன் அங்குச் செல்ல வேண்டும். மனையாள் மகப்பேற்று நோவில் இருக்கின்றாள்; அவளிடமும் செல்ல வேண்டும். மழை பெய்கின்றது, பொழுதும் சாய்கின்றது. இந்நிலையில் அவன் கையிலுள்ள ஊசி எத்துணை விரைந்து செல்லுமோ, அத்துணை விரைந்தது கிள்ளியின் போர் என்கின்றார். நாழிகை எண்ணிக் கூறும் வழக்கமில்லாத களத்தில், கேட்போர் உள்ளத்தில் விரைவைப் பதிய வைத்தற்கு இதனினும் பொருத்தமான அளவுகோல் வேறில்லை. ஊசி கண்முன் தோன்றி, வாரின் அடியில் மறைந்து, மீண்டும் தோன்றுகின்றது. பின்னிக் கிடக்கும் இருவர் கைகளும் கால்களும் காண்பார்க்கு அவ்வாறே தோன்றி மறைந்திருக்கும். அரசனின் போருக்கு எளிய தொழிலாளி ஒருவனின் கையை உவமையாக்கத் தயங்காத புலவரின் துணிவும் பாராட்டத்தக்கது.

ஈண்டு ஒரு சிக்கல் எழுகின்றது. ஆறு பாட்டையும் ஒரே போரைப் பற்றியனவாகக் கொள்வாரும் உளர். ஆனால் 82-ஆம் பாட்டின் பகைவன் ஊரைக் கைப்பற்ற வந்தவன். 80-ஆம் பாட்டில் ஆமூரிடத்து வலியடங்கியவனோ, கொளுவின்படி, ஆமூர் மல்லன். தன் ஊரில் இருப்பவன் அவ்வூரைக் கொள்ள வந்தவன் ஆகான். அன்றியும், இடையே நிற்கும் 81-ஆம் பாட்டு, கடலினும் பெரிதாக எழும் படையின் ஆரவாரத்தையும் இடியென முழங்கும் களிறுகளையும் கூறுகின்றது. அது மற்களத்தின் ஒலியன்று, போர்க்களத்தின் ஒலி. பொருநன் என்னும் சொல் மல்லனுக்கும் படைவீரனுக்கும் பொதுவாகலின், 82-ஆம் பாட்டைப் படைப்போர் குறித்ததாகக் கொள்ளவும் இடமுண்டு. ஆதலின் ஆமூர் மற்போர் ஒன்று, ஊர்காத்த போர் மற்றொன்று என இரண்டாகப் பிரித்துக் கொள்வதே பொருந்தும் எனத் தோன்றுகின்றது. நக்கண்ணையார் பாட்டுகளின் கொளுக்களில் ஆமூர் குறிக்கப்படவில்லை என்பதும் நினைவிற்குரியது.

நக்கண்ணையார் பாட்டுகள் மூன்றும் கைக்கிளைத் திணை, பழிச்சுதல் துறை. காதலால் வளை நெகிழ்கின்றது; தாய்க்கு அஞ்சுகின்றார்; வென்ற தோளைத் தழுவ விரும்பினும் அவையத்தார் முன் நாணுகின்றார். இது 83-ஆம் பாட்டின் நிலை. 84-இல், தலைவன் கூழுண்டும் தோள்வலி குறையாதவன். தாமோ அவன் இருக்குமிடத்தின் அருகே சுவர்ப்புறத்தில் இருந்தும் பசலை பூத்தவர். விழா நிகழும் பேரூரில் அவன் களம் புகுந்தால், செருக்கோடு வந்த வீரர்க்கு அவன் உப்பு வணிகர் அஞ்சும் நீர்த்துறை போன்றவன் என்கின்றார். உப்பு ஏற்றிய வண்டி நீரில் அழுந்தினால் பொருள் கரைந்துவிடும். மீட்டு எடுத்தற்கு ஒன்றும் இராது. வணிகர் மனையில் வளர்ந்த பெண்ணுக்கு இவ்வுவமை இயல்பாக வந்தது போலும்.

85-ஆம் பாட்டு, கண்டோர் சான்று பற்றிய ஆராய்ச்சிக்கு உயிரானது. தலைவன் அவ்வூரினன் அல்லன், அந்நாட்டினனும் அல்லன். ஆகவே அவன் பொருதபோது, வெற்றி அவனுடையது என்கின்றனர் ஒரு சாரார். அன்று என்கின்றனர் மற்றொரு சாரார். ஒரே களத்தை ஒரே பொழுதில் கண்டவர்கள் இருவேறு முடிவு கூறுகின்றனர். காரணத்தையும் நக்கண்ணையார் முதலிலேயே வைத்துவிட்டார்: அவன் அயலான். எனினும் மாறு கூறியோரை அவர் இகழவில்லை. இரு திறத்தாரையும் நல்லோர் என்றே குறிக்கின்றார். பின்னர்த் தாம் சிலம்பு ஒலிக்க ஓடி, தம் மனையிலுள்ள, முழவு போல் அடிபருத்த பனையைச் சார்ந்து நின்று, அவன் வென்றதைத் தாமே கண்டதாகக் கூறி முடிக்கின்றார்.

ஹோமரின் இலியத்து 23-ஆம் காண்டத்தில் தேரோட்டப் போட்டி நிகழும்போது, முன்னே வரும் தேர் யாருடையது என்று காண்போரில் இருவர் பூசலிடுகின்றனர். தேர்கள் வரும் வரை அமர்ந்து பாருங்கள் என்று கூறி அக்கிலீசு அதனை அடக்குகின்றான். அங்குப் பூசலை அடக்குவது தலைவனின் ஆணை. இங்கோ ஆணையிடுவார் இல்லை. ஒரு பெண் ஓடிச் சென்று பார்த்தாள் என்பது ஒன்றே விடை.

காதலுற்றவளின் சொல் சான்றாகுமா என்று வினவலாம். சார்புடைய சாட்சியை முற்ற நம்புதல் முறையன்றுதான். ஆயினும் நக்கண்ணையார் தம் சார்பை மறைக்கவில்லை. முன்னிரண்டு பாட்டுகளிலும் வெளிப்படவே கூறியுள்ளார். தமக்கு எதிரான கூற்றையும் ஒளியாமல் பதிவு செய்துள்ளார். எங்கு நின்று கண்டார் என்பதையும் மரத்தோடு சேர்த்துச் சொல்லியுள்ளார். சாட்சி ஒருவரிடம் நாம் கேட்கக்கூடிய மூன்றிற்கும் விடை உளது. சார்பே இல்லாதவர் போல் எழுதிய பிற்கால மெய்க்கீர்த்திகள் பலவற்றில் இவற்றுள் ஒன்றேனும் கிடைப்பதில்லை.

கிள்ளியின் அடைமொழியும் இதனோடு தொடர்புடையது. போரவை என்பதனைப் போர் பயிலும் அவை எனப் பொருள் கொள்வர். அவை என்னும் சொல் தமிழில் வெறுங்கூட்டத்தைக் குறிப்பதன்று. அறிந்து தீர்ப்புக் கூறுவோர் திரண்ட இடம் அது. புலவன் நூல் அரங்கேறுவதும் அவையில். வழக்குத் தீர்வதும் அவையில். மற்போர்க்கும் அச்சொல்லையே வழங்கினமையால், காண்போர் பொழுதுபோக்கிற்கு வந்தவராக மட்டும் கருதப்படவில்லை என்பது புலனாகும். 85-ஆம் பாட்டில் இரு சாராரும் கூறுவது ஆரவாரமன்று, தீர்ப்பு.

முல்லைக்கலியில் ஏறு தழுவுதலைக் காணும் மகளிர் பரண்மேல் நின்று, இன்ன நிறத்து ஏறு, இன்ன பூச்சூடிய பொதுவன் என்று ஒவ்வொன்றாகச் சுட்டுவர். காட்சி விரிவில் அது புறநானூற்றினும் வளமுடையது. எனினும் அங்கு வரும் பொதுவர் இயற்பெயர் சுட்டப் பெறாதோர். அகமரபு அதனை இசையாது. பிற்காலத்தில் முதலாம் நரசிம்மவர்மன் மாமல்லன் என்னும் பெயர் பூண்டான்; அப்பெயரால் ஒரு கடற்றுறையும் வழங்கலாயிற்று. அவன் பொருததை அருகிருந்து பாடிய ஒரு பனைமரத்தடிச் சாட்சி அவனுக்கு வாய்க்கவில்லை. பட்டம் மட்டும் எஞ்சிற்று.

இனிக் காரைக்காலைப் பற்றி ஒன்று கூறல் வேண்டும். அவ்வூருக்கு இலக்கியப் புகழ் தந்த அம்மையாரும் வணிகர் மகளே. தம்மைக் காரைக்கால் பேய் என்று பாட்டிற் குறித்துக்கொண்ட அவர், திருவாலங்காட்டுப் பதிகங்களில் இறைவன் ஆடிய ஆட்டத்தைச் சுடுகாட்டின் நடுவே இருந்து கண்டவராகவே பாடுகின்றார். ஆலங்காட்டுத் தலமரபோ அவ்வாட்டத்தைக் காளியோடு நிகழ்ந்த போட்டியாகக் கூறுகின்றது. நக்கண்ணையாரின் காதலும் அம்மையாரின் பத்தியும் ஒரு தரத்தனவல்ல. அவற்றை ஒன்றாக்குவது நம் கருத்தும் அன்று. ஆட்டத்தையோ போரையோ பாடுகின்றவள், தான் எங்கிருந்து கண்டாள் என்பதையும் பாட்டிற்குள் வைக்கும் வழக்கு இருவரிடத்தும் காணப்படுகின்றது. சிற்பிகள் அதனை உணர்ந்திருந்தனர். 10-ஆம் நூற்றாண்டில் கம்போடிய நாட்டுப் பந்தியாய் சிரேயில் ஆடும் சிவனருகே செதுக்கப்பட்ட மெலிந்த பெண்ணுருவை அம்மையாராகவே அறிஞர் கொள்வர். அடுத்த நூற்றாண்டில் முதலாம் இராசேந்திரன் எடுத்த கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலில், ஆடவல்லானின் தூக்கிய திருவடிக்குக் கீழே, கையில் தாளத்தோடு, எலும்பு தெரியும் உடலோடு அவர் அமர்ந்திருக்கின்றார்.