அரக்கும் கவுரிப் பிசினும்

ஊரிலிருந்து எம்முடன் வந்த தளபாடம் ஒன்றே ஒன்றுதான்: அம்மம்மாவின் மாத்தளை அரக்கு முக்காலி. வெஸ்ட்கேட்டுக்குக் குடிவந்த முதலாவது மாரியில் அதன் மேற்பரப்பில் வெண்திட்டுகள் பூத்தன. அழுக்கென்று நினைத்து ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்தோம். துணி சிவந்தது. அம்மா ஒன்றும் பேசவில்லை.

நாம் செய்த பிழையை விளங்கிக்கொள்ள அரக்கின் கதைக்குள் போகவேண்டியிருந்தது. பாரதத்து அரக்கு மாளிகையை அறியாதவர் எம்மில் இல்லை. ஆனால் அரக்கு மரப்பிசின் அல்ல. கிளைகளில் ஒட்டிவாழும் சிறு பூச்சி சுரப்பது. சீன, ஜப்பானிய அரக்குப் பூச்சுத்தான் மரப்பால். மாத்தளைக்கு அண்மையிலுள்ள ஹப்புவிடக் கைவினைஞர் சுழலும் மரத்தில் நிற அரக்குக் கட்டியை அழுத்துவார்கள். உராய்வுச் சூட்டில் அது உருகிப் பிடிக்கும். நுண்ணிய கோலங்களுக்கு அரக்கை நூலாக இழுத்து, பெருவிரல் நகத்தால் கிள்ளி ஒட்டுவார்கள். கொழும்பிற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய நூலில் இத்தொழிலை விரிவாகப் பதிந்துள்ளார்.

சூட்டால் பிடித்தது சூட்டால் இளகும், ஸ்பிரிட்டில் கரையும், ஈரம் நின்றால் வெளுக்கும். ஆகவே மென்மையான உலர்ந்த பருத்தித் துணி போதும். ஹீட்டருக்கும் யன்னல் வெயிலுக்கும் எட்ட வைக்கவேண்டும். சூடான தேநீர்க் கோப்பையை மேலே வைக்கக்கூடாது. உப்புத்தாள் தொடவே கூடாது: பழைய வேலைகளில் சிவப்புக்குச் சாதிலிங்கமும் மஞ்சளுக்கு அரிதாரமும் சேர்த்தார்கள். முன்னதில் பாதரசம், பின்னதில் ஆசனிக், தூள் நஞ்சு.

நாம் வந்துசேர்ந்த மண்ணுக்கும் இப்படியொரு கதை உண்டு. எமது காதுக்கு அம்மன் பெயர்போல ஒலிக்கும் கவுரி மரத்தின் பிசினை மாவோரி மக்கள் மென்றார்கள், தீ மூட்டினார்கள், அதன் கரியைப் பச்சைகுத்தப் பயன்படுத்தினார்கள். பின்னர் அது எண்ணெய் வார்னிஷ் காய்ச்சுவதற்காக லண்டனுக்கும் அமெரிக்காவுக்கும் கப்பலேறியது. 1850க்கும் 1950க்கும் இடையில் ஏறத்தாழ 450,000 தொன்! சீமைத் தளபாடங்களின் பளபளப்பில் ஒக்லாந்தின் சேறு இருந்தது.

அந்தச் சேற்றில் தோண்டியவர்களில் ஒருசாரார் டல்மேஷியாவிலிருந்து வந்தவர்கள். ஒஸ்திரிய அரசின் பிரஜைகள் என்பதால் அந்நியராகவே பார்க்கப்பட்டார்கள். 1898ஆம் ஆண்டின் சட்டம் பிசின் நிலங்களிற் சிலவற்றைப் பிரித்தானியப் பிரஜைகளுக்கென்று ஒதுக்கியது. பலர் காலப்போக்கில், வெஸ்ட்கேட்டுக்குத் தெற்கேயுள்ள ஹென்டர்சன் பக்கத்தில் முந்திரிகைத் தோட்டம் போட்டு வேரூன்றினார்கள். செயற்கைப் பிசின்கள் வந்ததும் கவுரிப் பிசினுக்கு மவுசு போயிற்று. தோட்டக்காரரின் பெயர்கள் வைன் போத்தல்களில் நிலைத்தன.

முக்காலியில் சிவப்பு அழிந்த இடத்துக்கு நாம் மறுபடி நிறம் பூசவில்லை. புதுப் பூச்சு மிஞ்சியுள்ள பழையதையும் கரைத்துவிடலாம். பிள்ளைகள் அந்த வெறும் மரத்தைத் தடவி, என்ன நடந்தது என்று கேட்கிறார்கள். எமது அறியாமையையும் சேர்த்தே சொல்லிக்கொடுக்கிறோம். அம்மா இப்போது தன் கையாலேயே அதைத் துடைக்கிறா, உலர்ந்த துணியால்.